கூண்டை விட்டுவிட்டுப் பரணில் ஏறித் தூங்கும் இகுவானா: என்ன செய்வது?

திருநகர்_ராஜி | டிசம்பர் 20, இரவு 11:52

எல்லோருக்கும் வணக்கம். இத்தனை நாள் படித்துவிட்டு மட்டும் போய்க்கொண்டிருந்தேன். இன்று கேட்டே ஆகவேண்டிய நிலை.

எங்கள் வீட்டில் ஒரு பச்சை இகுவானா (பெரிய ஓணான் மாதிரி இருக்கும் வெளிநாட்டுப் பிராணி) இருக்கிறான். பெயர் சொக்கன். மூன்று வயது, வாலோடு சேர்த்து நாலடிக்குக் கொஞ்சம் குறைவு. கூண்டு பட்டறையில் சொல்லிச் செய்தது. ஆறடி உயரம், நாலடி அகலம், உள்ளே குறுக்கே இரண்டு கொய்யாக் கட்டை. சாயங்காலம் ஆறு மணிக்கெல்லாம் மேல் கட்டையில் கவிழ்ந்து படுத்துவிடுவான். முன்னங்கால் இரண்டையும் உடம்போடு ஒட்டிப் பின்பக்கமாக நீட்டிக்கொள்வான், பின்னங்கால் இரண்டு பக்கமும் தொங்கும். கறிச்சோறு சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் படுத்த எங்கள் தாத்தா மாதிரியே இருக்கும்.

பத்து நாளாக அந்தக் கட்டையில் படுப்பதே இல்லை. ஐந்தரை மணியானால் கூண்டுக் கதவைப் பிராண்டுகிறான். திறந்துவிட்டால் ஜன்னல் திரையைப் பிடித்து ஏறி, பீரோ மேலே தாவி, அங்கிருந்து பரணுக்குப் போய்விடுகிறான். கொலு பொம்மைப் பெட்டிக்கும் பழைய சூட்கேசுக்கும் நடுவில் சந்து ஒன்று இருக்கிறது, அங்கேதான் தூக்கம்.

இன்று அங்கேயும் காணோம். ஆறு மணியிலிருந்து தேடினோம். கட்டிலடி, பிரிட்ஜ் பின்னால், பாத்ரூம் ஹீட்டர் மேல், எங்கேயும் இல்லை. என் வீட்டுக்காரர் மாடிப்படியில் டார்ச்சோடு நாலு தடவை ஏறி இறங்கினார். கடைசியில் பதினோரு மணிக்கு, பொம்மைகள் உடையாமலிருக்கப் பெட்டிக்கு மேல் சுருட்டி வைத்திருந்த பழைய வேட்டியின் மடிப்பிலிருந்து வால் நுனி மட்டும் ஒரு சாண் நீட்டிக்கொண்டிருந்தது. என் மாமியார் சொன்னது: "வேலியில போற ஓணானைப் புடிச்சு வேட்டிக்குள்ள விட்ட கதை கேட்டிருக்கேன். இது தானாவே வேட்டிக்குள்ள போயிருக்கு."

சாப்பாடு நன்றாகத்தான் சாப்பிடுகிறான், கழிப்பதும் ஒழுங்கு. பகலில் சுறுசுறுப்பு. உடம்புக்கு ஏதாவதா? பிடித்துக் கூண்டில் விட்டுப் பூட்டலாமா, இல்லை அப்படியே விட்டுவிடலாமா?

சிம்மக்கல்_சிங்கம் | டிசம்பர் 21, காலை 6:10

உங்கள் மாமியாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்!

காரணம் குளிர்தான். மார்கழி. எங்கள் தெருவில் நாய்கூடச் சாக்குக்குள் போய்ப் படுக்கிறது. கூண்டுக்குள் ஒரு சிவப்பு பல்பை ராத்திரி முழுக்க எரியவிடுங்கள், தானாகத் திரும்பி வருவான். சிவப்பு வெளிச்சம் பல்லி ஓணானுக்கெல்லாம் தெரியாது என்று நான் மீன் வாங்கும் கடையில் சொன்னார்கள்.

ஒத்தக்கடை_ஓணான் | டிசம்பர் 21, காலை 9:35

சிங்கம் அண்ணே, சிவப்பு பல்பு மட்டும் வேண்டாம். அந்தக் கதையை எனக்கும் ஒரு கடையில் சொன்னார்கள், நானும் ஒரு வருடம் நம்பினேன். இகுவானாவுக்கு நிறம் நன்றாகவே தெரியும், சிவப்பும் சேர்த்து. பச்சை இலைக் குவியலுக்குள் ஒரு செம்பருத்திப் பூவை ஒளித்து வைத்துப் பாருங்கள், நேராக அதற்குத்தான் வாய் போகும். கண்ணுக்குப் பக்கத்தில் விடிய விடிய பல்பு எரிந்தால் நமக்குத் தூக்கம் வருமா?

ராஜிம்மா, ஒன்பது வருடமாக இரண்டு வளர்க்கிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

இது மரத்தில் வாழ்கிற பிராணி. சொந்த ஊர் மத்திய அமெரிக்கா, தென் அமெரிக்கா. அங்கே ஆற்றங்கரை மரங்களில், தண்ணீருக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் கிளைகளில் படுக்கும். ஆபத்து என்று பட்டால் தொப்பென்று தண்ணீரில் விழுந்து நீந்திப் போய்விடும். அதனால் அதன் மனதில் பத்திரம் என்றால் உயரம். நாம் படுக்கையை விரித்துப் போர்த்திக்கொண்டால் பத்திரமாக உணர்கிறோம் அல்லவா, அதற்கு மேலே ஏறினால்தான் அந்த நிம்மதி. தரையில் எவ்வளவு அழகான பொந்து செய்து வைத்தாலும் வளர்ந்த இகுவானா அதில் படுக்காது. நான் ஒரு பெரிய மண்பானையை உடைத்துக் குகை மாதிரி வைத்தேன். ஒன்பது வருடத்தில் அதை உபயோகித்தது எங்கள் வீட்டுப் பூனை ஒன்றுதான்.

நம்ம ஊர் ஓணானும் இந்த விஷயத்தில் அதன் பங்காளிதான். ராத்திரி எட்டு மணிக்கு மேல் டார்ச் எடுத்துக்கொண்டு யானைமலை அடிவாரத்து வேலிப் பக்கம் போய்ப் பாருங்கள். பகலில் முதுகைக் காட்டி ஓடுகிற ஓணான், குச்சியின் கடைக்கோடி நுனியில் ஒட்டிக்கொண்டு தூங்கும். நுனியில் படுத்தால், பாம்போ வேறெதுவோ ஏறி வரும்போது குச்சி ஆடும், இது விழித்துக்கொள்ளும். கையால் பறிக்கிற மாதிரி பக்கத்தில் போகலாம், கிளையை மட்டும் தொடக்கூடாது.

ஆக, கூண்டின் மேல்கட்டையைவிடப் பரண் உயரம். உயரத்துக்காகத்தான் போகிறான் என்று முடித்துவிடலாம். ஆனால் எனக்கு ஒன்று உறுத்துகிறது. மூன்று வருடம் அதே கட்டையில் படுத்தவன், பத்து நாளாகத்தான் மாறியிருக்கிறான். பரண் நேற்று முளைக்கவில்லையே. இவை பழக்கத்துக்கு அடிமை. என் பெரியவன் தூங்குகிற இடத்தில் கட்டை வழவழப்பாகத் தேய்ந்து கிடக்கும், அந்த ஒரு சாண் இடம்தான். ஒன்று அவன் இடத்தில் ஏதோ மாறியிருக்கிறது, இல்லை அவன் மாறியிருக்கிறான்.

இரண்டு கேள்வி. ஒன்று, கூண்டை நகர்த்தினீர்களா? அந்த அறையில் புதிதாக ஏதாவது வந்ததா? இரண்டு, பகலில் கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறானா? பகலில் தூங்கினால் அது வேறு கதை.

நாகமலை_நிலா | டிசம்பர் 21, காலை 11:20

மூன்று வயது ஆண் என்கிறீர்களே அக்கா, இனப்பெருக்கப் பருவமாக இருக்கலாம். வருடத்தில் சில மாதம் வரும். எங்கள் வீட்டில் இருப்பவனுக்குக் குளிர்காலத்தில்தான் வருகிறது. தோள், முன்னங்கால் எல்லாம் ஆரஞ்சு நிறமாகும், தலையை ஆட்டி ஆட்டி மிரட்டுவான், கூண்டில் ஒரு நிமிடம் நிற்கமாட்டான். போன வருடம் கண்ணாடி பார்த்துச் சண்டை போட்டே மூக்கு நுனியைப் புண்ணாக்கிக்கொண்டான். படுக்கும் இடமும் தினம் ஒன்றாக மாறும்.

மேலூர்_தம்பி | டிசம்பர் 21, மதியம் 1:05

அண்ணே, அக்கா, குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். தூக்கம் என்றதும் கேட்கத் தோன்றியது. என்னிடம் இருப்பது குட்டி, ஒரு அடிகூட இல்லை, வாங்கி மூன்று வாரம். நாள் முழுக்க ஒளிந்தே கிடக்கிறது. முதலில் கீழே விரித்த பேப்பருக்கு அடியில், அப்புறம் தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பின்னால். ஒருநாள் திறந்துவிட்டபோது என் ஷூவுக்குள் போய்விட்டது, நான் காலை நுழைத்திருந்தால் அவ்வளவுதான். தினமும் வெளியே எடுத்துக் கையில் வைத்துப் பழக்குகிறேன். பழக மாட்டேன் என்கிறது.

கூடல்நகர்_செல்வி | டிசம்பர் 21, மதியம் 2:48

தம்பி, முதலில் அந்தப் பழக்கும் வேலையை நிறுத்து. ஒளிந்திருக்கிற குட்டியைக் கைவிட்டுப் பிடித்து இழுத்தால், பத்திரம் என்று நினைத்த ஒரே இடமும் பத்திரமில்லை என்று அதற்குத் தெரிந்துபோகும். காட்டில் குட்டியைத் தின்னாத பிராணி கிடையாது. பருந்து, பாம்பு எல்லாவற்றுக்கும் அது ஒரு வாய்க்குத்தான் காணும். நீ மேலேயிருந்து கையைக் கொண்டுபோனால் அதன் கண்ணுக்கு அது பருந்து.

பேப்பருக்கு அடியில் போகிறது என்றால் மேலே மறைவு இல்லை என்று அர்த்தம். உயரத்தில் ஒரு குச்சி, அதைச் சுற்றிப் பிளாஸ்டிக் கொடி இலை நாலைந்து சரம், ஒரு பக்கம் துணி மறைப்பு. இலைக்குள் உட்கார்ந்து உன்னைப் பார்க்கட்டும். நீ பக்கத்தில் உட்கார்ந்து உன் வேலையைப் பார். அதுவாக வெளியே வந்து உன் எதிரில் சாப்பிடுகிற நாள் வரும்.

ஒளிவதும் தூங்குவதும் வேறு வேறு, இதை மட்டும் மறந்துவிடாதே. ஒளிந்திருக்கும் குட்டியின் கண் திறந்திருக்கும், உன்னைப் பார்த்துக்கொண்டே இருக்கும். பகலில் கண் மூடிக் கிடந்தால் அது தூக்கம் இல்லை, நோய்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். என் முதல் இகுவானா பகலில் கூண்டின் தரையிலேயே படுத்துக் கிடக்கும். ஏறாது, பிராண்டாது, ஓடாது. எவ்வளவு சாதுவான பிள்ளை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஏறாததற்குக் காரணம், ஏற முடியவில்லை. எலும்பு மெலிந்துபோயிருந்தது. விற்ற கடையில் சாதாரண மஞ்சள் பல்பு போதும் என்று சொல்லிவிட்டார்கள். இதற்கு யூ.வி.பி கதிர், அதாவது வெயிலில் இருக்கும் ஒரு வகைப் புற ஊதாக் கதிர் வேண்டும், அது இல்லாவிட்டால் டி3 வைட்டமின் உருவாகாது, டி3 இல்லாமல் சாப்பிடுகிற கால்சியம் உடம்பில் ஒட்டாது என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. முதலில் காட்டிய மருத்துவர் சத்து மருந்து எழுதிக் கொடுத்து அனுப்பினார். இரண்டாவது இடத்தில் எக்ஸ்ரே எடுத்தபோது பின்னங்கால் எலும்பு படத்தில் பென்சிலால் லேசாகக் கோடு போட்ட மாதிரி இருந்தது. தாடை ரப்பர் போல வளைந்தது. எட்டு மாதம் பார்த்தேன், காப்பாற்ற முடியவில்லை.

அதனால் கேட்கிறேன், உன் பல்பு எது? ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயில் கணக்கில் வராது, கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். மாடியில் காலை வெயிலில் கம்பிவலைக் கூடையில் அரைமணி நேரம் வைத்தாலே நல்லது. கூடையில் பாதி நிழல் இருக்கவேண்டும், நீ பக்கத்திலேயே இருக்கவேண்டும். சித்திரை வைகாசியில் இந்த வேலையே வேண்டாம். நம்ம ஊர் வெயிலில் பத்து நிமிடம் கவனம் தப்பினாலும் போதும், வாயைப் பிளந்து செத்துவிடும்.

மேலூர்_தம்பி | டிசம்பர் 21, மதியம் 3:15

சாதாரண பல்புதான் அக்கா. இன்றைக்கே மாற்றுகிறேன்.

பழங்காநத்தம்_வாத்தியார் | டிசம்பர் 21, மாலை 5:30

விலங்கியல் பாடம் எடுத்துப் பழகிய வாய், சும்மா இருக்கமாட்டேன் என்கிறது.

ராஜி, சொக்கன் என்று பெயர் வைத்தது எவ்வளவு பொருத்தம் தெரியுமா? அவனுக்கும் மூன்றாவது கண் உண்டு. உச்சந்தலையில், இரண்டு கண்ணுக்கும் நடுவே சற்றுப் பின்னால் பாருங்கள். சுற்றியுள்ள செதிலைவிட வெளிறிப்போய், உளுந்தம்பருப்பு பதித்த மாதிரி ஒன்று தெரியும். அதற்குள் லென்ஸ், விழித்திரை எல்லாம் சிறிய அளவில் இருக்கிறது. யாரையும் எரிக்காது, உருவமும் பார்க்காது. வெளிச்சமா இருட்டா, மேலே நிழல் விழுந்ததா என்பது மட்டும் தெரியும். மூளையில் இரவு பகல் கணக்கை வைத்திருக்கும் பகுதியோடு அதற்கு இணைப்பு உண்டு. அதனால்தான் சாயங்காலம் வெளிச்சம் குறையக் குறையவே இவை படுக்க இடம் தேடுகின்றன. ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேர இருட்டு வேண்டும். அரைகுறை இருட்டில் தொடர்ந்து கிடந்தால் மறுநாள் கடுகடுவென்று இருக்கும், சாப்பாடும் குறையும்.

ஓணான் ஐயா கேட்ட கேள்வியைத்தான் நானும் கேட்கிறேன். அந்த அறையில் ராத்திரி வெளிச்சம் ஏதாவது மாறியதா?

சிம்மக்கல்_சிங்கம் | டிசம்பர் 21, மாலை 6:02

வாத்தியாரே, சிவப்பு பல்பை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் ஒரு சந்தேகம், இது கனவு காணுமா?

பழங்காநத்தம்_வாத்தியார் | டிசம்பர் 21, மாலை 6:40

நல்ல கேள்வி. இகுவானாவைப் பற்றி இல்லை, அதன் தூரத்து உறவான ஆஸ்திரேலியத் தாடி ஓணானைப் பற்றிச் சொல்லலாம். ஜெர்மனியில் பிராங்க்பர்ட்டில் உள்ள மாக்ஸ் பிளாங்க் மூளை ஆய்வு நிறுவனத்தார் தூங்கும் தாடி ஓணான்களின் மூளை அலைகளைப் பதிவு செய்து 2016-ல் வெளியிட்டார்கள். நம்மைப் போலவே ஆழ்ந்த தூக்கமும், கண்மணி அசையும் தூக்கமும் மாறி மாறி வருகின்றன. நமக்கு அந்தச் சுற்று ஒன்று முடிய ஒன்றரை மணி நேரம் ஆகிறது. தாடி ஓணானுக்கு ஏறக்குறைய 80 நொடிதான். கண்மணி அசையும் தூக்கத்தில்தான் நமக்குப் பெரும்பாலும் கனவு வருகிறது. ஓணானுக்கும் வருகிறதா என்பதை ஓணானிடம்தான் கேட்கவேண்டும்.

திருநகர்_ராஜி | டிசம்பர் 22, காலை 7:15

எல்லோருக்கும் நன்றி. பதில்: கூண்டை நகர்த்தவில்லை. பகலில் கண்ணை மூடுவதில்லை, வெயில் பல்புக்குக் கீழே கால் நீட்டிக்கொண்டு கிடப்பான், நான் போனால் ஒரு கண்ணால் பார்ப்பான். தாடையைத் தடவினால் மட்டும் என் பக்கத்துக் கண்ணை மூடிக்கொள்வான், அது செல்லம். ஆரஞ்சு நிறம் ஏதும் இல்லை, நிலா. அறையில் புதிதாக ஒன்றும் வரவில்லை. அப்படித்தான் நேற்று சாயங்காலம் வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

வாத்தியார் ஐயா கேட்டதால், நேற்று ராத்திரி எட்டு மணிக்கு அறை விளக்கை அணைத்துவிட்டு உள்ளே போய் நின்றேன். இருட்டாகத்தான் இருந்தது. சரி, வெளிச்சம் இல்லை என்று திரும்பப் போனேன். அப்புறம் தோன்றியது, நான் நிற்கிற இடத்தில்தானே பார்க்கிறேன், அவன் படுக்கிற இடத்தில் பார்க்கவில்லையே என்று. ஸ்டூலைப் போட்டு ஏறி, கூண்டுக் கதவைத் திறந்து, மேல் கட்டையில் அவன் தலை வைக்கும் முனையில் என் கன்னத்தை வைத்துப் பார்த்தேன். (வீட்டுக்காரர் வாசலில் நின்று இதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டார்.)

கண் கூசிவிட்டது. பின்வீட்டு மனையில் புதுக் கட்டடம் எழும்புகிறது. இரண்டாவது மாடிக்கு மேல் கம்பி, சிமெண்டைக் காவல் காக்க ஒரு பெரிய ஃபோகஸ் விளக்கு போட்டிருக்கிறார்கள். அது எங்கள் ஜன்னலின் மேல் வெண்டிலேட்டர் வழியாகச் சாய்வாக இறங்கி, சரியாக அந்த மேல் கட்டை முனையில் கை அகலத்துக்கு ஒரு வெள்ளைப் பட்டையாக விழுகிறது. அறையில் வேறு எங்கேயும் விழவில்லை. ஸ்டூலிலிருந்து இறங்கி நின்றால் தெரிவதே இல்லை. விளக்கு போட்டு இரண்டு வாரம் இருக்கும் என்று வாட்ச்மேன் சொன்னார்.

மூன்று வருடமாக அவன் படுக்கிற இடத்தில், இந்த இரண்டு வாரமாக யாரோ டார்ச் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். நான் என்னவென்றால் கதவைப் பூட்டலாமா என்று கேட்கிறேன்.

ஒத்தக்கடை_ஓணான் | டிசம்பர் 22, காலை 8:20

சபாஷ். இதைத்தான் எதிர்பார்த்தேன் என்று பொய் சொல்லமாட்டேன். கூண்டின் மேல் பக்கத்தில் பல்லி முட்டையோ எறும்போ இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

வெண்டிலேட்டரைத் துணியால் அடைத்தாலே போதும். காற்று வேண்டுமென்றால் கூண்டின் மேல்பாகத்தை மூன்று பக்கமும் ஒரு முழம் அளவுக்கு மறையுங்கள். திறந்திருக்கும் நாலாவது பக்கம் அறைக்கதவைப் பார்த்து இருக்கட்டும், யார் வருகிறார்கள் என்று படுத்தபடியே பார்க்க அவனுக்குப் பிடிக்கும்.

குளிரைப் பற்றிச் சிங்கம் அண்ணன் சொன்னதையும் விட்டுவிடவேண்டாம். மார்கழியில் வெளியே 20 டிகிரிக்கு இறங்கினாலும், ஜன்னல் மூடிய அறையில் என் தெர்மாமீட்டர் 23, 24-தான் காட்டுகிறது. வளர்ந்த, ஆரோக்கியமான இகுவானாவுக்கு ராத்திரி அது போதும், சொல்லப்போனால் பகலைவிடக் கொஞ்சம் குறைந்தால்தான் நன்றாகத் தூங்கும். காலையில் கரும்பச்சையாக இருந்து, பல்பு போட்டதும் வெளுத்து வந்தால் சரியாகச் சூடாகிறது என்று அர்த்தம். கட்டாயம் சூடு வேண்டும் என்பவர்கள் வெளிச்சம் வராத செராமிக் ஹீட்டர் போடலாம், கம்பிக்கூண்டு வைத்து, தொட முடியாத உயரத்தில். சூடு வரும் செயற்கைக் கல் மட்டும் வேண்டாம். வயிறு வெந்தாலும் இவை சீக்கிரம் எழுந்திருக்காது.

அமெரிக்காவில் ஃபுளோரிடாவில்தான் பாவம். 2020 ஜனவரியில் குளிர் 10 டிகிரிக்கும் கீழே இறங்கியபோது, மரத்திலிருந்து இகுவானா விழுந்தால் ஆச்சரியப்படாதீர்கள் என்று மயாமி வானிலை அலுவலகமே அறிவித்தது. தூங்கிய இடத்திலேயே விறைத்து, பிடி தளர்ந்து விழுந்திருக்கின்றன. செத்துவிட்டது என்று எடுத்துக் காருக்குள் போட்டால் சூடு பட்டதும் எழுந்துகொள்ளும். மதுரைக்கு அந்தக் கவலை கிடையாது.

அவனியாபுரம்_புதுசு | டிசம்பர் 22, காலை 10:44

உடும்பு வளர்ப்பது குற்றம் தெரியுமா? பொதுவெளியில் இப்படி எழுதுகிறீர்கள்.

நாகமலை_நிலா | டிசம்பர் 22, காலை 11:30

உடும்பு வேறு, இகுவானா வேறு. உடும்பு நம்ம ஊர்ப் பிராணி, பிளவுபட்ட நாக்கு, மாமிசம் தின்னும், வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதை வீட்டில் வைத்தால் சிறைதான். இகுவானா இலை தின்னும் வெளிநாட்டுப் பிராணி. அதற்கும் காகிதம் வேண்டும், வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. 2022-ல் சட்டத்தைத் திருத்தி, சைட்டிஸ் என்ற, உயிரினங்களுக்கான உலக வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிரினங்களையும் உள்ளே கொண்டுவந்தார்கள், 2023 ஏப்ரல் 1 முதல் அமல். 2024 பிப்ரவரியில் பதிவுக்கான விதிகள் வந்தன, மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதியவேண்டும். எங்கள் பக்கத்து வீட்டில் இதே உடும்புப் பேச்சு வந்து புகாரே போனது. பதிவுச் சான்றைக் காட்டியதும் வந்தவர்கள் பார்த்துவிட்டு, கொஞ்சம் முருங்கைக்கீரையும் ஊட்டிவிட்டுப் போனார்கள்.

அவனியாபுரம்_புதுசு | டிசம்பர் 22, காலை 11:41

சரிங்க, தெரியாமல் சொல்லிவிட்டேன். படம் போடுங்களேன்.

கூடல்நகர்_செல்வி | டிசம்பர் 22, மதியம் 12:25

ராஜி, தொலைந்தபோது தேடியதைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். இனி காணாமல் போனால் முதலில் மேலே தேடு, அப்புறம் சூடான இடம், கடைசியில் கீழே. திரைக் கம்பி, பீரோ, பரண், ஹீட்டர். அப்புறம் செட்டாப் பாக்ஸ், இன்வெர்ட்டர், பிரிட்ஜின் பின்பக்கம். பிரிட்ஜை நகர்த்துமுன் பிளக்கைப் பிடுங்கிவிடு. சோபாவின் அடித்துணி கிழிந்திருந்தால் அதற்குள்ளும் கைவைத்துப் பார், யாரும் உட்காருவதற்கு முன்னால். எனக்குத் தெரிந்த ஒருவர் வீட்டில் இரண்டு நாள் தேடி, வாஷிங் மெஷினின் அடியில் மோட்டார் பக்கத்தில் கண்டுபிடித்தார்கள். நல்லவேளை, அந்த இரண்டு நாளும் தேடுகிற மும்முரத்தில் யாரும் துணி துவைக்கவில்லை.

கிடைக்கவே இல்லை என்றால் ராத்திரி வீட்டைப் புரட்டாதே. அது இருட்டில் அசையாது, நீதான் பொம்மையை உடைப்பாய். காலையில் வெயில் விழும் இடத்தில் காத்திரு, ஒன்பது பத்து மணிக்குள் அதுவே சூடு தேடி வரும்.

கண்டுபிடித்ததும் வாலைப் பிடித்து இழுக்காதே, கையோடு வந்துவிடும். மறுபடி முளைக்கும், ஆனால் பழைய அழகு வராது. நகம் துணியில் மாட்டியிருக்கும், ஒவ்வொரு விரலாக விடுவித்து, வயிற்றுக்கு அடியில் முழங்கையைக் கொடுத்துத் தூக்கு. தூக்கக் கலக்கத்தில் இருப்பவனைத் திடீரென்று எழுப்பாதே, சாதுவான இகுவானாவும் அப்போது வாலால் விளாசும். அடி பட்டவள் சொல்கிறேன்.

இன்னொன்று, பரணில் படுத்தால் பரணிலேயே கழிப்பான். சால்மொனெல்லா கிருமி இவற்றின் கழிவில் இருக்கும். பொம்மையைத் தொட்டபின் கையைச் சோப்பு போட்டுக் கழுவச் சொல், வீட்டில் குழந்தை இருந்தால் ரொம்பக் கவனம்.

திருநகர்_ராஜி | டிசம்பர் 26, இரவு 9:10

நாலு நாள் நிலவரம்.

22-ஆம் தேதியே வெண்டிலேட்டரில் அட்டை வைத்து அடைத்தோம். கூண்டின் மேல்பக்கத்துக்கு மாமியாரே அந்தப் பழைய வேட்டியைக் கிழித்துக் கொடுத்தார், "அவன் வாசனை பட்ட துணி, அங்கேயே கட்டு" என்று. அன்றைக்கு ஆறு மணிக்குக் கதவைத் திறந்துவைத்தேன். பாதி தூரம் திரைச்சீலையில் ஏறிவிட்டுத் திரும்பிக் கூண்டைப் பார்த்தான். பத்து நிமிடம் அப்படியே தொங்கினான். அப்புறம் பரணுக்குப் போய்விட்டான்.

23-ஆம் தேதி கூண்டுக்குள் கட்டையில் படுத்தான்! விளக்கை அணைத்து, செல்போன் வெளிச்சத்தைக் கையால் மறைத்துப் பார்த்தேன். முன்னங்கால் பின்னோக்கி, கன்னம் கட்டையில் பதிந்து, தொண்டைத் தோல் ஒரு பக்கம் மடிந்து கிடந்தது. விலா மெதுவாக ஏறி இறங்கியது. 24-ஆம் தேதியும் அப்படியே. நேற்று மறுபடி பரண். இன்றும் பரண்.

ஒரு சந்தேகம். பரணில் அவன் தலை வைக்கிற பக்கம் சூட்கேஸ் மேல் வெள்ளையாகப் பொரிப் பொரியாகத் தூள் இருக்கிறது. கரையானா?

ஒத்தக்கடை_ஓணான் | டிசம்பர் 26, இரவு 9:48

உப்பு. மூக்கு வழியாக உப்பைத் தும்மி வெளியேற்றும், காய்ந்தால் அப்படித்தான் இருக்கும். ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள், கரையானுக்கு மருந்து கிருந்து அடித்துவிடாதீர்கள்.

கூண்டு அவனுக்கு இப்போது பிரச்சினை இல்லை, பரண் பிடித்துப்போய்விட்டது, அவ்வளவுதான். உயரத்தைப் பார்த்துவிட்டவனைக் கீழே படு என்றால் படுக்கமாட்டான். என்னைக் கேட்டால் பரணையே ஒழுங்குபடுத்திக் கொடுத்துவிடுங்கள். விளிம்பில் சின்னத் தடுப்பு ஒன்று வைத்து, ஏறி இறங்க ஒரு கட்டையைச் சாய்த்து நன்றாகக் கட்டிவிடுங்கள். திரைச்சீலையாவது பிழைக்கும்.

சிம்மக்கல்_சிங்கம் | டிசம்பர் 26, இரவு 10:15

அப்போ கூண்டு?

திருநகர்_ராஜி | டிசம்பர் 26, இரவு 10:31

பகலுக்கு இருக்கட்டும் அண்ணே, வெயில் பல்பு அங்கேதானே இருக்கிறது. சூட்கேசை இறக்கியாச்சு. கொலுப் பெட்டியைப் பாதி திறந்து பார்த்தபோது, விளாச்சேரியில் வாங்கிய செட்டியார் பொம்மையின் தலையில் மட்டும் உப்பு படிந்திருந்தது. மாமியார் துடைத்துவிட்டு, பெட்டியை அங்கேயே விடச் சொல்லிவிட்டார். அவன் தலை வைக்க அது வேண்டுமாம்.

மேலூர்_தம்பி | டிசம்பர் 27, காலை 7:02

செல்வி அக்கா, பல்பு மாற்றி ஆறு நாள் ஆச்சு. இன்றைக்கு நான் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது இலைக்குள்ளிருந்து தலையை நீட்டி ஒரு செம்பருத்தி இதழை இழுத்துக்கொண்டு போனது. நான் அசையவே இல்லை, நுரை சட்டையில் வழிந்துவிட்டது.